முளகிட்ட மீன்கறி மூன்றாம் நாளும் சட்டியிலேயே வெளியே இருக்கலாமா?

களியக்காவிளை மருமகள்

வீட்டில் ஒரு தீராத வழக்கு. மாமியாருக்குப் பிறந்த வீடு நெய்யாற்றின்கரைப் பக்கம். முளகிட்ட மீன்கறி, அதாவது தேங்காய் இல்லாமல் மிளகாயும் குடம்புளியும் போட்டு வற்ற வைக்கும் கறி, வைத்தால் அன்றைக்குத் தொடவே விடமாட்டார், "நாளைக்குத்தான் அதுக்கு ருசி" என்பார். சட்டி அடுக்களைத் திண்டிலேயே இருக்கும். காலையும் மாலையும் ஒரு கொதி விட்டு இறக்கி வைப்பார், மூன்றாம் நாள் வரைக்கும் ஓடும். நான் ஈரோட்டுக்காரி. எங்கள் பக்கம் மீன் என்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், மிஞ்சினால் ராத்திரியே சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவோம்.

இப்போது பெருநாளுக்கு ஆட்கள் வந்து போனதில் சூரை முளகிட்டது, தேங்காய் அரைத்த நெத்தோலி (நெத்திலி) அவியல், இறால் துவரன், சிப்பி வறுத்தது எல்லாம் மிச்சம். எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம்தான், கொதிக்க வைத்து மூடி வைப்பது. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. எதை எவ்வளவு நேரம் வைக்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாமியாரிடம் காட்டத்தான் கேட்கிறேன், அதனால் கொஞ்சம் மரியாதையாக எழுதுங்கள்.

பாறசாலைக்காரன்

மாமியார் சொல்வதுதான் சரி. ஃபிரிட்ஜ் வருவதற்கு முன்னால் நம் ஆட்கள் எல்லாம் செத்தா போனார்கள்? குடம்புளி, உப்பு, மேலே ரெண்டு விரல் தேங்காய் எண்ணெய் நின்றால் அந்தக் கறிக்குக் கேடே இல்லை. ஃபிரிட்ஜில் வைத்தால் எண்ணெய் உறைந்து வெள்ளையாகிப் போகும், அதை யார் தின்பது?

சட்டியும் கரண்டியும்

மருமகளே, நீங்கள் எழுதிய நாலும் நாலு சாதி. எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது.

கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் சமைத்துக் கொடுப்பது என் தொழில். முளகிட்ட கறியில் வத்தல் மிளகாய், மல்லி, மஞ்சள், குடம்புளி, உப்பு, அவ்வளவுதான். தேங்காய் கிடையாது. சாறு வற்றி மீனை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பாறசாலை அண்ணாச்சி பேசுவது இந்த ஒரு கறியைப் பற்றி மட்டும்தான். மறுநாளைக்கு நிற்கட்டும் என்றே பழைய ஆட்கள் கண்டுபிடித்த கறி அது.

தேங்காய் அரைப்பு விழுந்துவிட்டால் ஆயுசு பாதியும் இல்லை. மத்தியானம் இறக்கிய அவியல் ராத்திரிக்குத் தாங்குமா என்பதே சந்தேகம். மாங்காய் போட்டிருக்கிறேன், முருங்கைக்காய் போட்டிருக்கிறேன் என்றெல்லாம் சமாதானம் சொல்லக் கூடாது. சட்டி ஓரத்தில் பொடிப் பொடியாகக் குமிழி வந்து, கரண்டியைத் தூக்கினால் நூல் மாதிரி இழுக்கும், அதுதான் முடிவு. ஆனால் அந்த நூல் வருவதற்கு ரொம்ப நேரம் முன்னாலேயே கறி ஆகாததாகியிருக்கும். மூக்குக்கும் கண்ணுக்கும் தெரியாது.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. பந்தியில் சுற்றி வந்த வாளியில் மிஞ்சிய கறி திரும்ப வார்ப்பில் (சமைத்த பெரிய பாத்திரத்தில்) போகக் கூடாது. பத்து இலைக்கு மேல் குனிந்த வாளி அது, எத்தனை பேர் பேச்சும் தும்மலும் அதில் விழுந்ததோ. எடுத்து வைக்க வேண்டியது வார்ப்பிலிருந்து முதலிலேயே ஒதுக்கிய கறியை. இதைச் சொன்னால் பெருநாள் வீடுகளில் கோபப்படுகிறார்கள், "இவ்வளவு கறியைக் கொட்டவா?" என்று. கொட்டத்தான் வேண்டும்.

வார்டு சிஸ்டர்

திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு கொல்லங்கோடு. "சூடு பண்ணினால் எல்லாம் செத்துவிடும்" என்ற நம்பிக்கையைப் பற்றி மட்டும் கொஞ்சம் எழுதுகிறேன்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உண்மை. ஆனால் மூன்று விஷயம் சாகாது. ஒன்று, சில கிருமிகளின் விதை. க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்று ஒன்று, பெரிய சட்டியில் மெதுவாக ஆறும் கறி என்றால் அதற்குக் கொண்டாட்டம். அதன் விதை கொதியைத் தாங்கி நிற்கும், கறி வெதுவெதுப்பாக ஆனதும் முளைக்கும், 45 டிகிரி பக்கத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். இரண்டாவது, ஸ்டாஃபிலோகாக்கஸ். நம் கையிலும் மூக்கிலும் இருப்பதுதான். முள் எடுக்கும்போது, பிசையும்போது, விரலால் ருசி பார்க்கும்போது கறிக்குப் போகும். வெளியே கிடந்த கறியில் அது பெருகி விஷத்தைக் கக்கிவிட்டால், பிறகு கொதிக்க வைத்தாலும் கிருமி சாகுமே தவிர விஷம் அப்படியே இருக்கும். சாப்பிட்டுச் சில மணி நேரத்திலேயே வாந்தி. மூன்றாவது ஹிஸ்டமின். சூரை என்றதால் அதைச் சொல்லியே ஆக வேண்டும், ஆனால் நம் தூத்தூர் அண்ணன் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இதுதான்: சமைத்தது 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது, சூடாக வைத்திருந்தால் 60 டிகிரிக்கு மேல், குளிரில் என்றால் 5 டிகிரிக்குக் கீழ். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் என்று அமெரிக்க விவசாயத் துறை சொல்கிறது. நம் ஊரில் மாசி, பங்குனியில் எந்த அடுக்களை 32-க்குக் கீழே இருக்கிறது?

மாமியாரின் முறையிலும் நியாயம் உண்டு. காலை மாலை கொதி விடுவது முளைத்து வரும் கிருமியை அவ்வப்போது கொல்கிறது. புளிப்பும் உப்பும் அது பெருகுவதைத் தடுக்கின்றன. பல வருடம் ஒன்றும் ஆகாமல் போனதற்கு அதுதான் காரணம். குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் அந்தச் சலுகை கிடையாது. வயிற்றோட்டம் வந்தால் ஒரே நாளில் தண்ணீர் வற்றி வாடிப்போவார்கள்.

தூத்தூர் வள்ளம்

சிஸ்டர் என்னை மாட்டிவிட்டார்கள். சரி, சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஆட்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சூரையும் சுறாவும் பிடிப்பவர்கள். சூரை, அயிலை (கானாங்கெளுத்தி), சாளை (மத்தி), நெத்தோலி, எல்லாமே இந்த ஹிஸ்டமின் சாதி. இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்று ஒன்று நிறைய இருக்கிறது. மீன் செத்த பிறகு ஐஸ் கிடைக்காமல் வெயிலில் கிடந்தால் கிருமி அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். மாறியது மாறியதுதான். பொரித்தாலும் போகாது, கொதித்தாலும் போகாது, ஃப்ரீசரில் போட்டாலும் போகாது, டின்னில் அடைத்தாலும் போகாது. கெட்ட வாடையும் வரவேண்டும் என்று இல்லை. சிலருக்கு நாக்கில் நல்லமிளகு கடித்தது போலச் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான் அடையாளம், அதுவும் எப்போதும் கிடையாது.

சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்திலேயே முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பு அரிக்கும், நெஞ்சு படபடக்கும். "எனக்குச் சூரை அலர்ஜி" என்று சொல்லும் பல பேருக்கு அலர்ஜி இல்லை. போன மாதம் தின்றபோது ஒன்றும் ஆகவில்லை, இந்த மாதம் ஆனது என்றால் மீனைச் சந்தேகப்படுங்கள், உடம்பை அல்ல. மூச்சு முட்டினாலோ தொண்டை அடைத்தாலோ இந்த ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

நான் சொல்ல வருவது என்னவென்றால், மிச்சக் கறியின் கணக்கு அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு தொடங்குவது இல்லை. வள்ளத்தில் தொடங்குகிறது. சந்தையில் காலையில் வாங்கிப் பைக்கில் தொங்கவிட்டு, ரெண்டு வீட்டில் பேசிவிட்டு மத்தியானம் கழுவிய சூரையை எத்தனை ஜாக்கிரதையாக ஃபிரிட்ஜில் வைத்தாலும் பிரயோசனம் இல்லை. அன்றைக்கே செவுளில் இருந்த சிவப்பு போயிருந்தால், மறுநாளைக்கு வைக்க வேண்டாம். சொல்லப்போனால் அன்றைக்கும் வேண்டாம்.

பனச்சமூடு

எங்கள் வீட்டுப் பூனை மோந்து பார்த்து நகர்ந்தால் நாங்களும் நகர்ந்துவிடுவோம். இதுவரை ஃபெயில் ஆகாத லேப்.

வார்டு சிஸ்டர்

பனச்சமூடு தம்பி, உங்கள் பூனைக்கும் ஹிஸ்டமின் வாடை தெரியாது 😀

பாறசாலைக்காரன்

எல்லோரும் சேர்ந்து பயமுறுத்துகிறீர்கள். சரி, ஃபிரிட்ஜில் வைக்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம். சூடாக வைத்தால் ஃபிரிட்ஜ் கெடும், ஆறட்டும் என்றால் ராத்திரி பத்து மணி ஆகும். மண்சட்டி எப்போது ஆறுவது? அதற்குள் உங்கள் 2 மணி நேரம் போய்விட்டதே. இதற்கு என்ன பதில்?

மீன்வளம் படிச்சவன்

அண்ணாச்சி, இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி இதுதான்.

மண்சட்டி சூட்டை விடாது, அதனால்தான் அதில் கறி ருசி. மிச்சம் வைப்பதற்கு அதே குணம் எதிரி. சட்டி நிறையக் கறி இருந்தால் நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பு நிற்கும், சிஸ்டர் சொன்ன 45 டிகிரியில்தான் அதிக நேரம் இருக்கும். மூடி போட்டால் இன்னும் மோசம். மூடியில் வேர்த்த தண்ணீர் சொட்டிச் சொட்டி மேலே இருக்கிற மீன்மேல் விழும். அந்த இடத்தில் உப்பும் புளியும் குறைந்துவிடும்.

செய்ய வேண்டியது: சாப்பாடு முடிந்த கையோடு மிஞ்சியதை எவர்சில்வர் தட்டம் மாதிரி அகலமான, ஆழம் குறைந்த பாத்திரத்தில் மாற்றுங்கள். இரண்டு விரல் கனத்துக்கு மேல் வேண்டாம். அடியில் ஒரு பேசினில் தண்ணீர், ஐஸ் இருந்தால் அதையும் போட்டு, பாத்திரத்தை அதில் நிறுத்துங்கள். ஆவி பறப்பது நின்றதும் ஃபிரிட்ஜில் வைக்கலாம், சில்லென்று ஆகும் வரை காத்திருக்க வேண்டியது இல்லை. லேசான சூட்டில் வைத்தால் ஃபிரிட்ஜ் கெடாது. கொதிக்கக் கொதிக்க ஒரு பெரிய அண்டாவைத் திணித்தால்தான் பக்கத்தில் இருக்கிற பாலும் தயிரும் சூடாகும். அலுமினியத்தில் மட்டும் வைக்காதீர்கள், குடம்புளி அதை அரிக்கும்.

புளிப்பைப் பற்றியும் ஒன்று. காரத்தன்மை, அமிலத்தன்மை அளக்கும் அளவில் 4.6-க்குக் கீழே போனால் பல மோசமான கிருமிகளுக்குப் பிழைப்பு இல்லை. ஆனால் புளிப்பது முதலில் சாறு. தடித்த சூரைத் துண்டின் நடுச்சதைக்கு அந்தப் புளிப்பு போய்ச்சேர நேரமாகும். "நாளைக்குத்தான் ருசி" என்று மாமியார் சொல்வதும் இதே காரணத்தால்தான், ராத்திரி முழுக்கப் புளி உள்ளே இறங்குகிறது. அது ஃபிரிட்ஜுக்குள் இருந்தாலும் இறங்கும். ருசி குறையாது, காலையில் எடுத்துக் கொதிக்க வைத்தால் உறைந்த எண்ணெயும் திரும்ப மேலே மிதக்கும்.

களியக்காவிளை மருமகள்

இந்தக் கடைசி வரியைத்தான் சத்தமாகப் படித்துக் காட்டப் போகிறேன். நாள் கணக்கு? அப்புறம் இறாலும் சிப்பியும்?

சட்டியும் கரண்டியும்

ஃபிரிட்ஜ் 4 டிகிரியில் ஒழுங்காக ஓடினால் சமைத்த மீன் 3, 4 நாள் வரை என்பது பொதுக் கணக்கு. என் கணக்கு வேறு. முளகிட்டது 3 நாள். தேங்காய் அரைத்தது மறுநாளோடு சரி. இறால் துவரன், கணவாய், நண்டு எல்லாம் 2 நாள், அதுவும் துவரனில் துருவின தேங்காய் இருப்பதால் மறுநாளே முடித்துவிடுவது நல்லது. இது தொழில் செய்து வந்த பழக்கம், புத்தகம் இல்லை.

சிப்பிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வேக வைத்த பிறகும் வாய் திறக்காத சிப்பியைத் தூக்கிப் போடுங்கள், நெம்பித் திறக்க வேண்டாம். மிச்சம் வைப்பதென்றால் சதையை மட்டும் எடுத்து வையுங்கள், ஓட்டோடு வேண்டாம். முக்கியமாக ஒன்று: பச்சைச் சிப்பியோ நண்டோ இருந்த கூடையில், கழுவாமல், வெந்ததைத் திரும்பப் போடுகிறார்கள். அடுப்பில் வெந்து என்ன பயன்?

வார்டு சிஸ்டர்

அந்தக் கூடை விஷயத்தை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். கடல் தண்ணீரிலேயே இருக்கும் விப்ரியோ என்ற கிருமி பச்சை மீன் தண்ணீரிலிருந்து வெந்த நண்டுக்குத் தாவும், வெதுவெதுப்பில் மடமடவென்று பெருகும். ஃபிரிட்ஜிலும் அதே கணக்குதான். பச்சை மீன் கீழ்த்தட்டில், வெந்த கறி மேல்தட்டில், மூடி போட்டு. மாறிப்போனால் சொட்டுகிற தண்ணீர் போதும்.

திரும்பச் சூடு பண்ணும்போது சாப்பிடப்போகிற அளவை மட்டும் எடுங்கள். முழுச் சட்டியையும் எடுத்து, சூடு பண்ணி, ஆற வைத்து, திரும்ப உள்ளே வைக்கும் ஒவ்வொரு தடவையும் கறி அந்த வெதுவெதுப்பு நிலையைக் கடந்து போகிறது. சாறு நன்றாகத் தளதளவென்று கொதிக்கட்டும், துண்டின் நடுவிலும் 74 டிகிரி எட்ட வேண்டும். மைக்ரோவேவ் என்றால் நடுவில் ஒருமுறை எடுத்துக் கிளறுங்கள், ஓரம் கொதித்து நடு சில்லென்று இருக்கும்.

கர்ப்பிணிகள் இருக்கிற வீடாக இருந்தால் இன்னும் கறாராக இருங்கள். லிஸ்டீரியா என்று ஒரு கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் மெதுவாகப் பெருகும். அவர்களுக்கு அன்றன்றைக்கு வைத்ததே போதும்.

பாறசாலைக்காரன்

இறாலைத் தளதளவென்று கொதிக்க வைத்தால் ரப்பர் ஆகிவிடும் சிஸ்டரே. அதைத் தின்பதைவிட வயிற்றுவலியே மேல்.

சட்டியும் கரண்டியும்

அதற்கு வழி இருக்கிறது அண்ணாச்சி. வாணலியில் ஒரு ஸ்பூன் எண்ணெய், கறிவேப்பிலை, ஒரு கை தண்ணீர் தெளித்துக் கொதி வந்ததும் இறாலைப் போட்டு மூடுங்கள். ஆவியில் ஒரு புரட்டு, உள்ளே வரை சூடேறியதும் இறக்கிவிடலாம். பொடி இறால் என்றால் சீக்கிரம் ஆகும். பொரித்த மீனை மட்டும் தண்ணீர் காட்டாமல் காய்ந்த தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் போட்டு எடுங்கள்.

பனச்சமூடு

பழஞ்சியில் (தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோற்றில்) நேற்றைய மீன்கறி ஊற்றி, ஒரு சின்ன உள்ளி கடித்துக்கொண்டு... இதற்கும் தடையா?

மீன்வளம் படிச்சவன்

தடை இல்லை தம்பி. மீன்கறி ஃபிரிட்ஜில் இருந்து வந்து கொதித்திருந்தால் ஊற்றிக்கொள்ளுங்கள். சோற்றைத்தான் கவனிக்க வேண்டும். சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதை, வெந்த பிறகும் இருக்கும். சோறு வெறுமனே மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் அது விடும் விஷமும் சூட்டுக்கு மசியாது. ராத்திரி சோறு ஆறியதும் தாமதிக்காமல் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். மத்தியானச் சோற்றை ராத்திரி பத்து மணிக்கு நினைவு வந்து தண்ணீர் ஊற்றுவது பழஞ்சி ஆகாது.

பொதிச்சோறும் இதே கதைதான். சூடான சோற்றுக்குமேல் அவியலும் மீன்கறியும் வைத்து வாழையிலையில் இறுக்கிக் கட்டி, காலை ஏழு மணிக்குக் கொண்டுபோய் மத்தியானம் இரண்டு மணிக்குப் பிரிப்பது ஆபத்து. வேலைக்குப் போகிறவர்கள் பொரித்த மீனும் புளி போட்ட சம்மந்தித் துவையலும் வையுங்கள், அரைத்த கறியை விடுங்கள். அதற்கும் சிஸ்டர் சொன்ன 2 மணி நேரக் கணக்கு உண்டு, ஆபீஸ் ஃபிரிட்ஜில் வைத்துச் சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

மார்த்தாண்டம் சந்தை

மீன்பிடித் தடைக்காலத்தில் வெளியூர் மீனில் ஃபார்மலின் என்ற ரசாயனம் போடுகிறார்களே, அது கெடாதே, அப்போ அதை எத்தனை நாள் வேண்டுமானாலும் வைக்கலாமா? சும்மா கேட்டேன். 2018-ல் கேரளாவின் அமரவிளை செக்போஸ்ட்டில் அப்படிப்பட்ட மீனை டன் கணக்கில் பிடித்தது நினைவிருக்கிறதா?

தூத்தூர் வள்ளம்

நினைவிருக்கிறது. ஆபரேஷன் சாகர் ராணி என்று பெயர் வைத்துக் கேரளா சோதித்த நேரம். கொச்சியில் இருக்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் அதைக் கண்டுபிடிக்கக் காகிதப் பட்டை கிட் செய்து கொடுத்தது. அது தனி இழைக்கான பேச்சு, இங்கே இழுத்தால் மருமகளின் கேள்வி முங்கிப்போகும். ஜூன், ஜூலையில் எங்கள் பக்கம் விசைப்படகு கரையில் நிற்கும்போது கரையிலிருந்து வலை இழுக்கும் கரமடி மீனோ சின்ன வள்ளத்து மீனோ கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கருவாடு இருக்கிறது.

களியக்காவிளை மருமகள்

கரண்ட் போனால்? எங்கள் பக்கம் மழைக்காலத்தில் அது தினசரி.

வார்டு சிஸ்டர்

கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும். ஃப்ரீசர் நிறைந்திருந்தால் 48 மணி நேரம், பாதி என்றால் 24. அதற்கு மேல் போனால் மீன்கறியைக் கொட்டிவிடுவதுதான். 2017 ஒக்கிப் புயலில் நம் மாவட்டத்தில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது எல்லா வீட்டு ஃபிரிட்ஜும் வெறும் அலமாரி. ஊருக்குப் போகிறபோது ஒரு தம்ளர் தண்ணீரை ஃப்ரீசரில் உறையவைத்து, மேலே ஒரு நாணயம் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் இருந்தால், நடுவில் எல்லாம் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

குழித்துறை டு சென்னை

நடுவில் புகுந்து கேட்கிறேன். அம்மா முளகிட்ட நெய்மீன் கறியை ஃப்ரீசரில் கட்டியாக்கி, அனந்தபுரி எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் கையில் கொடுத்து விடுகிறார்கள். ராத்திரி முழுக்கப் பயணம். காலையில் வாங்கும்போது பாதி உருகியிருக்கிறது. சாப்பிடலாமா?

மீன்வளம் படிச்சவன்

நடுவில் இன்னும் ஐஸ் கட்டி நறநறவென்று இருந்தால், அல்லது ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த பால் அளவு சில்லென்று இருந்தால், தாராளமாக. வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் வைத்து அன்றோ மறுநாளோ முடித்துவிடுங்கள். கை வைத்தால் குளிரே தெரியவில்லை என்றால் அம்மாவிடம் ருசியாக இருந்தது என்று சொல்லிவிட்டுக் கொட்டிவிடுங்கள்.

தெர்மாகோல் பெட்டியில் கறிக்கு மேலும் கீழும் ஐஸ் பாட்டில் வைத்து, மூடி இடுக்கில் டேப் ஒட்டி அனுப்பச் சொல்லுங்கள். டப்பாவை முக்கால் அளவுக்கு மட்டும் நிரப்பச் சொல்லுங்கள், உறையும்போது சாறு ஏறி மூடியைத் தள்ளும். தேங்காய்ப்பால் கறி வேண்டாம், உருகும்போது திரிந்து நிற்கும்.

குழித்துறை டு சென்னை

பாட்டில் ஐடியா நல்லது. மேல் பர்த்தில் வைப்பதா, கீழே சீட்டுக்கு அடியிலா?

தூத்தூர் வள்ளம்

சீட்டுக்கு அடியில், தம்பி. ஏசி கோச் என்றால் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனால் மூடி கழன்றால் பக்கத்து சீட்காரர் உன்னை மதுரையில் இறக்கிவிடுவார்.